வீட்டுக்குள் ஒரு முருகைக் கடல்: எந்த மீனைத் தெரிவு செய்வது?

மருதனார்மடத்துச் செம்மண் தோட்டங்களின் நடுவே நிற்பவருக்குக் கடல் அருகில் இருப்பதாகவே தோன்றாது. ஆனால் காங்கேசன்துறை வீதியால் வடக்கே சென்றால் சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை கடந்ததும் கடல் வந்துவிடுகின்றது. அதற்கும் மேலாக, நாம் மிதிக்கும் நிலமே ஒரு பழைய கடலின் அடித்தளம்தான். செம்மண்ணுக்குக் கீழே இருக்கும் சுண்ணாம்புக்கல், மயோசீன் காலக் கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் எச்சங்களும் படிந்து உருவானது. நெடுந்தீவின் வேலிகளும் யாழ்ப்பாணக் கோட்டையின் சுவர்களும் முருகைக் கற்களால் கட்டப்பட்டவை. முருகைக்கல் நமக்கு அந்நியமான பொருளல்ல.

ஆயினும் உயிருள்ள முருகைக் கற்பாறையையும் அதில் வாழும் மீன்களையும் நேரில் கண்டவர்கள் நம்மிடையே குறைவு. 2003 ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஃபைண்டிங் நீமோ’ திரைப்படத்தில் கண்ட செம்மஞ்சள் நிறக் கோமாளி மீனே பலருக்கு முதல் அறிமுகம். அதன் பின் வருவது, ‘இப்படி ஒரு தொட்டி நம் வீட்டிலும் இருந்தால் என்ன?’ என்ற ஆசை. அந்த ஆசை நல்லதுதான். ஆனால் கடல்நீர்த் தொட்டியில் நடைபெறும் தவறுகளுள் பெரும்பாலானவை ஒரே இடத்தில் தொடங்குகின்றன: மீனை அதன் நிறத்தைப் பார்த்துத் தெரிவு செய்வது. நிறத்தைப் பார்க்காமல் அதன் வாழ்க்கையைப் பார்த்துத் தெரிவு செய்வது எப்படி என்பதை மாணவியருக்கும் பெற்றோருக்கும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கப்பியும் கடல்மீனும் ஒன்றல்ல

கப்பி, தங்கமீன் போன்ற நன்னீர் அலங்கார மீன்கள் பெரும்பாலும் பண்ணைகளில் பிறந்தவை. பல தலைமுறைகளாகத் தொட்டி வாழ்க்கைக்குப் பழகியவை. கடல்நீர் அலங்கார மீன்களின் நிலை வேறு. அவற்றுள் பெரும்பாலான இனங்கள் இன்றும் கடலில் பிடிக்கப்பட்டே கடைக்கு வருகின்றன. நேற்றுவரை பாறை இடுக்கில் ஒளிந்து, அலையோடு வந்த உணவை உண்ட ஓர் உயிர், இன்று பொலித்தீன் பையில் நம் கைக்கு வந்து சேர்கின்றது.

இரண்டாவது வேறுபாடு, மாற்றத்தைத் தாங்கும் ஆற்றல். குளத்து நீர் மழையில் ஒரு விதமாகவும் வெயிலில் வேறு விதமாகவும் இருக்கும்; குளத்து மீன் அதற்குப் பழகியிருக்கும். முருகைக் கடலோ ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருப்பது. ஒரு லீற்றர் நீரில் சுமார் 35 கிராம் உப்பு, 25 முதல் 28 பாகை செல்சியஸ் வெப்பம், 8.1 முதல் 8.4 வரையான பீ.எச். பெறுமானம் என்ற சிறிய எல்லைக்குள்ளேயே அங்குள்ள உயிர்கள் வாழ்ந்து பழகியவை. இந்த எல்லையை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நாள்தோறும் காப்பாற்ற வேண்டியவர் நாமே.

மீனுக்கு முன் நீர்

எந்த மீன் பொருந்தும் என்று கேட்பதற்கு முன், நம் ஊரில் எந்த நீர் கிடைக்கின்றது என்று பார்க்க வேண்டும். வலிகாமத்துக் கிணற்றுநீர் சுண்ணாம்புக்கல்லின் ஊடாக வருவதால் வன்மையானது. அத்துடன் வெங்காயம், புகையிலை, மரக்கறித் தோட்டங்களுக்கு இடும் உரமும் மலசலகூடக் குழிகளின் கசிவும் நிலத்தடி நீரில் நைத்திரேற்றைச் சேர்த்துள்ளன. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். குடாநாட்டின் பல கிணறுகள் இந்த அளவைத் தாண்டியுள்ளமை ஆய்வுகளில் பல தடவை காட்டப்பட்ட உண்மை. முருகைகளோ இதன் பத்தில் ஒரு பங்கு நைத்திரேற்றைத்தான் விரும்புகின்றன. ஆகவே கிணற்றுநீரை நேரடியாகத் தொட்டிக்குள் ஊற்றினால் முருகை வாடும், பாசி செழிக்கும். குடிப்பதற்கு நாம் வாங்கும் ஆர்.ஓ. முறையில் வடித்த நீரே இதற்கும் ஏற்றது.

‘ஆனையிறவு உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடாதா?’ என்று ஒரு மாணவி கேட்கக்கூடும். ஆகாது. உப்பளத்தில் சோடியம் குளோரைட்டு படிகமாகப் பிரிகின்றது. மக்னீசியம் முதலிய பல உப்புக்கள் எஞ்சிய கசப்பு நீரோடு போய்விடுகின்றன. கல்சியமும் மக்னீசியமும் போதிய அளவில் இல்லாத நீரில் முருகை தன் கல்லைக் கட்ட முடியாது. ஆகவே இதற்கெனத் தயாரிக்கப்பட்ட கடலுப்புக் கலவையே தேவை. கடலிலிருந்தே நீர் எடுக்கலாம் என்றாலும் யாழ்ப்பாணக் கடனீரேரியின் நீர் உதவாது. அது மாரியில் உப்புக் குறைந்தும் கோடையில் கடலைவிட உப்புக் கூடியும் இருப்பது. கழிவு கலக்காத திறந்த கடலில் எடுத்த நீரே ஓரளவு நம்பத்தக்கது.

கணக்கையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. 90 சென்ரிமீற்றர் நீளமும் 45 அகலமும் 45 உயரமும் உள்ள தொட்டி 182 லீற்றர் கொள்ளும். கல்லும் மணலும் இட்டபின் நீர் சுமார் 150 லீற்றர். அதற்கு உப்புக் கலவை ஐந்து கிலோவுக்கு மேல் வேண்டும். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் ஒவ்வொரு வாரமும் ஏறத்தாழ அரைக்கிலோ. நீர், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து நிறை 200 கிலோவைத் தாண்டும். சாதாரண மேசை அதைத் தாங்காது. வெயில் காலத்தில் நாளுக்கு ஒன்றிரண்டு லீற்றர் நீர் ஆவியாகும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கும். எனவே குறைந்ததை உப்பு நீரால் நிரப்பாமல் வடித்த நன்னீரால் நிரப்ப வேண்டும்.

தொட்டியை அமைத்த அன்றே மீனை விடுவதும் கூடாது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா அதற்கே நஞ்சு. ஒரு வகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாகவும், வேறொரு வகை அதை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இந்தப் பற்றீரியாக்கள் கற்களிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். சோதனைக் கரைசலில் அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் என்று காட்டும் வரை பொறுத்திருப்பதே முதற் பாடம்.

மீனை வாங்குமுன் ஐந்து கேள்விகள்

முதலாவது: வளர்ந்தபின் எவ்வளவு பெரிதாகும்? கடையில் நாம் காண்பது குஞ்சு. ‘ஃபைண்டிங் நீமோ’வில் டோரியாக வந்த நீல மீன் கடையில் ஐந்து சென்ரிமீற்றர் இருக்கும், வளர்ந்தால் 30 சென்ரிமீற்றர். அதற்கு 90 சென்ரிமீற்றர்த் தொட்டி என்பது மூன்று அடி எடுத்து வைத்ததும் சுவரில் முட்டும் அறை போன்றது.

இரண்டாவது: என்ன உண்ணும்? சில மீன்கள் நாம் இடும் எதையும் உண்ணும். சில, உயிருள்ள முருகையின் மெல்லுடலை மட்டுமே உண்ணும். உணவை நாம் கொடுக்க முடியாத மீனை வாங்குவது அதைப் பட்டினியிடுவதாகும்.

மூன்றாவது: யாரோடு வாழும்? தன் இனத்தைக் கண்டால் துரத்தும் மீன்கள் உண்டு. தன்னைவிடச் சிறிய எதையும் விழுங்கும் மீன்களும் உண்டு. முருகை உள்ள தொட்டியாயின் முருகையைக் கொத்தாத மீனாகவும் இருக்க வேண்டும்.

நான்காவது: எங்கே பிறந்தது? பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடிபட்டதா? பண்ணை மீன் தொட்டிக்கும் அரைத்த உணவுக்கும் பழகியது, நோய் குறைவு, அதை வாங்குவதால் எந்தப் பாறையும் வெறுமையாவதில்லை.

ஐந்தாவது: எவ்வளவு காலம் வாழும்? நன்கு பராமரித்தால் கோமாளி மீன் பத்து, பதினைந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழும். ஆறாம் தரத்து மாணவி ஆசைப்பட்டு வாங்கிய மீன், அவள் உயர்தரப் பரீட்சை எழுதிப் பல்கலைக்கழகம் போகும் நாளிலும் தொட்டியில் நீந்திக்கொண்டிருக்கும். அப்போது அதைப் பார்ப்பவர் யார் என்பதைப் பெற்றோரும் பிள்ளையும் வாங்கும் நாளிலேயே பேசித் தீர்மானிக்க வேண்டும்.

வீட்டுக்குப் பொருந்துபவை

இந்த ஐந்து கேள்விகளுக்கும் நல்ல விடை தரும் மீன்கள் சிலவே. அவற்றுள் முதலிடம் ஒசெல்லாரிஸ் என்னும் கோமாளி மீனுக்கு. இது சுமார் எட்டு முதல் பத்து சென்ரிமீற்றர் வரையே வளரும், கொடுத்ததை உண்ணும், முருகையைக் கொத்தாது. 1970களிலிருந்தே பண்ணைகளில் வளர்க்கப்படுகின்றது. பாக்கு விரிகுடாவின் அக்கரையில், மண்டபத்தில் உள்ள இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறையை வகுத்துள்ளது. கடல் அனிமனி இல்லாவிட்டாலும் தொட்டியில் இது நலமாக வாழும் என்பது பலர் அறியாத செய்தி. அனிமனிக்கு வலிய ஒளியும் முதிர்ந்த தொட்டியும் வேண்டும். தொடக்கத்தில் அது வேண்டாம்.

கோமாளி மீனின் வாழ்க்கை மாணவியருக்கு ஓர் உயிரியற் பாடமும் ஆகும். எல்லாக் குஞ்சுகளும் முதலில் ஆணாகவே முதிரும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். அது இறந்தால் அடுத்தது பெண்ணாகும். ஆகவே இரண்டு இளங்குஞ்சுகளை ஒன்றாக வாங்கினால் அவை தாமே ஒரு சோடியாகிவிடும். மூன்றாவதைச் சேர்த்தால் சண்டை வரும். நம் கடலில் வாழும் கோமாளி மீன்கள் ஒசெல்லாரிஸ் அல்ல. கிளாக்கி, சேபே போன்ற வேறு இனங்கள். அவை இதைவிடப் பெரிதாக வளர்பவை. முரட்டுக் குணமும் அதிகம். சிறிய தொட்டிக்கு அவை பொருந்தா.

இரண்டாவது, பங்கை கார்டினல் மீன். வெள்ளியுடலில் கருங்கோடுகளும் வெண்புள்ளிகளும் கொண்ட இது எட்டு சென்ரிமீற்றர் அளவினது, அமைதியானது. பெண் இட்ட முட்டைகளை ஆண் தன் வாய்க்குள் வைத்துக் காக்கும். குஞ்சுகள் வெளிவரும் வரை உணவே உண்ணாது. இந்தோனேசியாவின் பங்கைத் தீவுகளைச் சுற்றிய சிறு பரப்பிலேயே இயற்கையாக வாழும் இந்த மீனை அலங்கார மீன் வணிகத்துக்காக அளவின்றிப் பிடித்ததால், 2007 இல் இது அழிவை எதிர்நோக்கும் இனமாகச் செம்பட்டியலில் சேர்க்கப்பட்டது. எனவே பண்ணையில் பிறந்ததாயின் மட்டுமே வாங்கலாம்.

மூன்றாவது, மஞ்சள் உளுவை. நம் களப்பு உளுவைகளின் உறவினமான இது, மணலில் வளை தோண்டும் ஒரு சிறு இறாலுடன் கூட்டு வாழ்க்கை நடத்துவது. இறாலுக்குக் கண்பார்வை மங்கல். அது வளையைத் தோண்டித் துப்புரவாக்கும். உளுவை வாசலில் இருந்து காவல் காக்கும். இறாலின் உணர்கொம்பு எப்போதும் உளுவையின் உடலைத் தொட்டபடி இருக்கும். ஆபத்து வந்தால் உளுவை வாலை அசைக்கும், இருவரும் வளைக்குள் மறைவர். இந்தக் காட்சியை ஒரு வீட்டின் முன்னறையில் இருந்து பார்க்க முடிவது சிறிய பேறல்ல.

நான்காவது, செந்தீ நிறத்து வாலுடைய தீமீன். எட்டு சென்ரிமீற்றர், மிகுந்த கூச்சம், யாரையும் துன்புறுத்தாது. ஆனால் அஞ்சினால் நீருக்கு வெளியே பாயும். தொட்டிக்கு வலைமூடி இல்லாத வீட்டில் இது காலையில் நிலத்தில் காய்ந்து கிடக்கும். முதலில் மூடி, பிறகு மீன்.

இவற்றோடு பாசி தின்னும் சில நத்தைகள் சேர்ந்தால் 150 லீற்றர்த் தொட்டிக்கு வேறெதுவும் தேவையில்லை. இரண்டு கோமாளி, ஓர் உளுவை, ஒரு தீமீன், ஒரு கார்டினல் என ஐந்து மீன்களே போதும். ‘இவ்வளவு பெரிய தொட்டிக்கு ஐந்தா?’ என்று வருபவர்கள் கேட்பார்கள். முருகைத் தொட்டியில் மீனின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது இடம் மட்டுமன்று. கழிவை மாற்றும் பற்றீரியாக்களின் ஆற்றலும் நீரில் கரைந்துள்ள ஒக்சிசனும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. வெப்பம் கூடக்கூட நீர் கொள்ளும் ஒக்சிசன் குறையும். 2022 இல் நாடு முழுவதும் நாளுக்குப் பத்து மணித்தியாலங்களுக்கு மேல் மின்வெட்டு நிலவிய நாட்களை நாம் மறக்கவில்லை. பம்பி நின்ற தொட்டியில் மீன்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நேரம் அவை தாக்குப்பிடிக்கும். மின்கலத்தில் இயங்கும் சிறு காற்றுப் பம்பி ஒன்றைக் கைவசம் வைத்திருப்பது இங்கு ஆடம்பரமல்ல, கட்டாயம்.

அழகானவை, ஆனால் கடலுக்கு உரியவை

இனி, கடையில் கண்ணைப் பறித்தாலும் வீட்டுக்கு அழைத்துவரக் கூடாதவற்றைப் பார்ப்போம். இவற்றுட் பல நம் இந்து சமுத்திரத்தின் சொந்தப் பிள்ளைகள் என்பதால் இவற்றை அறிந்திருப்பது நமக்கு இன்னும் அவசியமாகின்றது.

வெளிர்நீல உடலும் மஞ்சள் முதுகுச் செட்டையும் கொண்ட நீலச் சேர்ஜன் மீன் இலங்கைக் கடலின் பேரழகு. வாலடியில் சத்திரவைத்தியரின் கத்தி போன்ற முள் உள்ளதால் இப்பெயர். இது இருபது சென்ரிமீற்றருக்கு மேல் வளரும். பகல் முழுவதும் பாறையைச் சுற்றி நீந்திப் பாசி மேயும். நெருக்கடியான தொட்டியில் வெண்புள்ளி நோய்க்கு முதலில் ஆளாவது இதுவே.

வண்ணத்துப்பூச்சி மீன்களுள் பல இனங்கள் உயிருள்ள முருகையை மட்டுமே உண்பவை. தொட்டியில் முருகை இருந்தால் அதை அழிக்கும்; இல்லாவிட்டால் பட்டினியால் இறக்கும். இரண்டுமே நம் வீட்டில் நடக்க வேண்டியதில்லை.

துப்புரவு மீன் என்னும் நீலக்கோட்டு மீன், பிற மீன்களின் உடலில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைத் தின்று வாழ்வது. பாறையில் அதற்கென ஓரிடம் உண்டு. பெரிய மீன்கள் நோயாளிகள் போல அங்கே வந்து வரிசையில் நிற்கும். அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாறைத்தொடரில் சில சிறு பாறைகளிலிருந்து இந்த மீனைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அகற்றிப் பார்த்தபோது, அங்கே பிற மீன்களின் தொகையும் வகையும் குறைந்தன. ஒரு துப்புரவு மீனை வாங்குபவர் பாறையின் வைத்தியரையே அழைத்து வந்துவிடுகின்றார். தொட்டியிலோ ஐந்து மீன்களின் உடலில் அதற்குப் போதிய உணவு இருக்காது.

மண்டரின் மீனின் நிறக்கோலம் பட்டுச் சேலையை ஒத்தது. ஆனால் அது கற்களில் ஊரும் நுண்ணிய கொபிப்பொட்டுக்களை நாள் முழுவதும் பொறுக்கித் தின்பது. புதிய தொட்டியில் அவை சில நாட்களில் தீர்ந்துவிடும். பின்னர் மண்டரின் மெல்ல மெல்ல மெலிந்து இறக்கும்.

கலவாய், அஞ்சாளை, கிளாத்தி ஆகியன வளர்ந்தால் பெரியவை. தொட்டியின் சிறு மீன்களும் இறால்களும் அவற்றின் இரை. பேத்தை தன் உடலில் நஞ்சு கொண்டது. சிங்கமீனின் முட்கள் நஞ்சுள்ளவை. சிறு பிள்ளைகள் கைவிடக்கூடிய தொட்டியில் அதற்கு இடமே இல்லை. சிங்கமீனுக்கு இன்னொரு கதையும் உண்டு. இந்து, பசுபிக் சமுத்திரங்களுக்குரிய இது 1985 இல் அமெரிக்காவின் புளோரிடாக் கரையோரம் காணப்பட்டது. தொட்டி வளர்ப்பாளர்கள் கடலில் விட்டதாலேயே அங்கே பரவியது என்று கருதப்படுகின்றது. இன்று கரிபியன் கடல் முழுவதும் பெருகி, அங்குள்ள சிறு மீன்களை அழித்து வருகின்றது. வளர்க்க முடியாமற்போன மீனைக் கீரிமலைக் கடலில் விட்டுவிடுவது இரக்கம் போலத் தோன்றும். உண்மையில் அது கடலுக்கு நாம் செய்யும் தீங்கு. கடையிடமோ வேறொரு வளர்ப்பாளரிடமோ ஒப்படைப்பதே முறை.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

மருதனார்மடம் சந்தையில் கத்தரிக்காயைக்கூடப் புரட்டிப் பார்த்து வாங்குபவர்கள் நாம். மீனுக்கும் அதே கண் வேண்டும். கண்கள் தெளிவாக இருக்கின்றனவா, செட்டைகள் கிழியாமல் விரிந்திருக்கின்றனவா, உடலில் உப்புத் தூவியது போன்ற வெண்புள்ளிகள் உள்ளனவா, வயிறு ஒட்டியிருக்கின்றதா, மூச்சு வேகமாக வாங்குகின்றதா என்று பாருங்கள். பிறகு, ‘ஒருக்கா சாப்பாடு போட்டுக் காட்டுங்கோ அண்ணை’ என்று கேளுங்கள். கண்முன்னே உண்ணாத மீனை வாங்காதீர்கள். எங்கிருந்து வந்தது, கடைக்கு வந்து எத்தனை நாள் என்றும் கேளுங்கள். நேற்று வந்த மீனுக்கு முற்பணம் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து வந்து எடுப்பது புத்திசாலித்தனம்.

வீட்டுக்கு வந்த மீனை நேரே தொட்டியில் விடாமல் சிறிய வேறொரு தொட்டியில் நான்கு வாரம் தனியே வைத்துக் கவனிக்க வேண்டும். வெண்புள்ளி நோய்க்கான செப்பு மருந்து முருகையையும் இறாலையும் கொல்லும். நோய் பெரிய தொட்டிக்குள் நுழைந்தபின் அங்கே மருந்திட வழியில்லை. சாந்தமான மீனை முதலிலும் தன் எல்லையைக் காக்கும் கோமாளி மீனைக் கடைசியிலும் விடுவது வழக்கம். முதலில் வந்தவர் வீட்டுக்காரர் ஆகிவிடுவார் என்பது மீன்களுக்கும் பொருந்தும்.

நம் கடலை மறவாமல்

மீனோடு முருகையையும் வளர்க்க விரும்புபவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கரையோரப் பகுதியில் முருகைக்கல் அகழ்வதை 1988 இல் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்குச் செய்யப்பட்ட திருத்தம் தடைசெய்தது. வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் கல்முருகைகளுக்குப் பாதுகாப்பளிக்கின்றது. முருகையை மூடி விரித்து மீன்களைப் பிடிக்கும் ‘மொக்சி’ வலையும் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டதே. கடலில் ஒரு கிளையை முறித்து எடுத்து வந்து தொட்டியில் வைப்பது அழகுணர்ச்சியல்ல, குற்றம். காய்ந்த பழைய சுண்ணாம்புக் கற்களால் தொட்டியை அமைத்து, அதில் மீன்களை மட்டும் வளர்ப்பதே தொடக்கத்துக்குப் போதுமானது.

நம்மைச் சூழ்ந்துள்ள பாறைகள் எளியவை அல்ல. யாழ்ப்பாணக் குடாநாட்டின் முருகைப் பாறைகளைப் பற்றி 2021 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அதுவரை இலங்கையில் பதிவாகாத 36 முருகை இனங்களை மரபணுச் சோதனையால் உறுதிசெய்தது. போர்க்காலத்தில் ஆய்வாளர் எவரும் இறங்க முடியாதிருந்த கடல், இப்போதுதான் தன் செல்வத்தைக் கணக்குக் காட்டத் தொடங்கியிருக்கின்றது. அதே வேளை, 1998 இல் கடல் வெப்பம் கூடியபோது ஹிக்கடுவை முதலான இடங்களில் முருகைகள் வெளிறி இறந்ததையும் நாடு கண்டது. ஓரிரு பாகை வெப்பம் ஒரு கடற்பகுதியையே மாற்றிவிடும் என்பதை, வெயிற்காலத்தில் தன் தொட்டியின் வெப்பமானியைப் பார்த்து விசிறியைப் போடும் ஒரு மாணவி மற்றவர்களைவிட நன்றாகவே விளங்கிக்கொள்வாள்.

முருகைத் தொட்டியால் கிடைக்கும் உண்மையான பயன் அதுவே. உப்பின் அளவை எழுதி வைப்பதும், நைத்திரேற்றைச் சோதிப்பதும், ஐந்து மீனோடு நிறுத்திக்கொள்வதும் பொறுமையைப் பழக்குகின்றன. தொட்டியை வாங்கும் வசதி எல்லா வீட்டிலும் இருக்காது. இருக்க வேண்டியதும் இல்லை. நிலாவெளிக்கு அப்பால் உள்ள புறாத்தீவு 2003 இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. பாடசாலைச் சுற்றுலாவில் அங்கே போனால், முருகையை மிதிக்காமல் மேலிருந்தபடியே வண்ணத்துப்பூச்சி மீனையும் துப்புரவு மீனையும் அவற்றின் சொந்த வீட்டிலேயே பார்க்கலாம்.

வீட்டுக்குப் பொருந்துவன பண்ணையில் பிறந்த சில சிறு மீன்கள். மற்றவை எவ்வளவு அழகாயினும் கடலிலேயே இருக்கட்டும். கடையில் நிற்கும்போது பிள்ளை ஒரு நீலச் சேர்ஜன் மீனைக் காட்டி ‘இது வேணும்’ என்று கேட்டால், விலையைக் கேட்பதற்கு முன் அந்த ஐந்து கேள்விகளையும் இருவரும் சேர்ந்து கேட்டுப் பாருங்கள். விடை பெரும்பாலும் பிள்ளையின் வாயிலிருந்தே வரும்.